பாட்டி படத்தைப் பெரிதாக்கப் போகிறீர்களா?

உங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறதல்லவா? பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, அடகுச் சீட்டு எல்லாம் போட்டு மூடி, அலமாரியின் மேல் வைத்திருப்பீர்களே, அதைத்தான் சொல்கிறேன். இன்று மாலை வேலை முடிந்ததும் அதைத் திறந்து பாருங்கள். அடியில் ஓரங்குல அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடக்கலாம். தாத்தாவோ பாட்டியோ சிரிக்காமல், நேராக உங்களையே பார்த்துக் கொண்டிருப்பார்.

அந்தப் படம் பெரும்பாலும் ஐ.சி.க்காகப் பிடித்ததாக இருக்கும். 1948ஆம் ஆண்டு மலாயாவில் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்தில் பலருக்கு வாழ்க்கையில் பிடித்த முதல் படம் அதுதான். சிலருக்குக் கடைசிப் படமும் அதுவே.

நமது கோல சிலாங்கூர் வட்டாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கிய ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பால் வெட்டிய, குலை அறுத்த நம் முன்னோரின் முகங்கள் எங்கே இருக்கின்றன? நம் பிஸ்கட் டின்னில்தான்.

இன்று பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். திதிக்கு வைக்கவும் சாமி அறையில் மாட்டவும் அந்தப் படத்தைப் பெரிதாக்க நினைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டுக் கதையே சாட்சி.

“யாருடி இது?”

என் அம்மாவைப் பெற்ற பாட்டியை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போதே அவர் போய்விட்டார். மிச்சமிருப்பது ஒரே ஒரு ஐ.சி. படம். அதைக் கைப்பேசியில் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஒரு கடைக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பெரிய படம் சட்டத்தோடு வந்தது. கண்ணாடி போல் மின்னியது. அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “யாருடி இது?” என்று கேட்டார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். மூக்குத்தியைக் காணோம். புருவத்துக்கு மேலிருந்த தழும்பு மறைந்துவிட்டது. கண்கள் வேறு யாருடையதோ. கணினி ஒரு புதுப் பெண்ணை உண்டாக்கி, என் பாட்டியின் சேலையை அவளுக்குக் கட்டிவிட்டிருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மங்கலான முகங்களைத் தெளிவாக்கும் ஒரு நிரலை வெளியிட்டார்கள். முன்னாள் அதிபர் ஒபாமாவின் மங்கிய படத்தை அதற்குக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தந்தது! இப்படிப்பட்ட கருவிகள் படத்தில் இல்லாததை, தாம் ஏற்கெனவே பார்த்த ஆயிரமாயிரம் முகங்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகின்றன. உலகமே அறிந்த மனிதருக்கே இந்தக் கதி என்றால், நம் பாட்டியின் முகத்தை அது எப்படி அறியும்?

புள்ளிக் கணக்கு

கணினியில் உள்ள படம் என்பது புள்ளிகளால் போட்ட கோலம். கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும்.

ஓரங்குல அகலப் படத்தை ஸ்கேனரில் 300 என்று வைத்து எடுத்தால் கிடைப்பது 300 புள்ளிகளே. அதை 8 அங்குலத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 38 புள்ளிகூட மிஞ்சாது. நடுவில் உள்ள இடத்தைக் கணினி தானாக நிரப்பும். மோரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான். அளவு கூடும், சுவை கூடாது. அதே படத்தை 1200 என்று வைத்து எடுத்தால் 1200 புள்ளிகள். 8 அங்குலத்தில் சுவருக்குத் தேவையான 150 சரியாக வந்துவிடும். அதற்கும் மேலே போனால் காகிதத்தின் சொரசொரப்புத்தான் பெரிதாகும். முகம் கூடுதலாகத் தெரியாது.

எனவே முதல் பாடம்: கடைக்கு வாட்ஸ்அப் படத்தை அனுப்பாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். கட்டாயம் அனுப்பத்தான் வேண்டும் என்றால், படமாக அல்லாமல் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள். மூலப் படத்தையே கொண்டுபோய், உங்கள் கண்ணெதிரில் ஸ்கேன் செய்யச் சொல்வது அதைவிட நல்லது. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கறையைப் பிறகு நீக்க அது உதவும்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கைப்பேசி போதும். பகலில் ஜன்னலோரம் படத்தைத் தட்டையாக வையுங்கள். பிளாஷ் வேண்டாம், ஜூம் வேண்டாம். கைப்பேசி சாயாமல் நேர் மேலே இருக்கட்டும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். ஈரத் துணி படக்கூடாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

கூர்மை என்பது உப்பு

படம் மங்கலாக இருக்கிறதென்று கூர்மையாக்கச் சொல்வோம். கூர்மையாக்குவது என்றால் என்ன? இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தில், இருட்டை இன்னும் சற்று இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் சற்று வெளிச்சமாக்குவது. அவ்வளவுதான். இல்லாத கண்ணிமையை அது வரவழைக்காது.

கறியில் உப்புப் போடுவது போல இதை அளவோடு, கடைசியில் செய்ய வேண்டும். முதலில் கீறலையும் கறையையும் நீக்குங்கள். பிறகு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். அதன் பின்னரே கூர்மை. முன்னதாகவே கூர்மையாக்கிவிட்டால், பெரிதாக்கும்போது அந்த ஓரக் கோடுகளும் சேர்ந்து தடித்துப் போகும். தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் உப்பு கூடிவிட்டது என்று பொருள். காகிதத்தில் மை சற்றுப் பரவுவதால், திரையில் பார்ப்பதைவிட அச்சில் கொஞ்சம் மென்மையாகவே வரும். மினுமினுப்பில்லாத தாளில் இன்னும் மென்மையாக இருக்கும்.

பெரிய படத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முழுப் படத்தையும் சுருக்காமல், முகத்தின் ஒரு பகுதியை மட்டும், கடைசியில் வரப்போகும் அதே அளவில், 4ஆர் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். சில காசுதான் செலவு. அதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். முகத்தை அறிந்தவர்கள் அவர்கள்தாம்.

நானும் அப்படித்தான் மறுபடி செய்தேன். மூலப் படத்தை ஸ்கேன் செய்து, முகத்தைத் திருத்தும் எந்த நிரலையும் தொடாமல், கறையை மட்டும் நீக்கி 8 அங்குலத்துக்குப் பெரிதாக்கினேன். படம் பளபளப்பாக இல்லை, லேசாக மங்கல்தான். ஆனால் மூக்குத்தி இருந்தது. தழும்பு இருந்தது. அம்மா படத்தைத் தடவிப் பார்த்து, “விறகு பொறுக்கப் போய் விழுந்த காயம் இது” என்றார். அந்தக் கதை எனக்கு அன்றுவரை தெரியாது.

வாசகர்களே, ஸ்கேன் செய்த படத்தை ஒரு பிரதி திருத்தாமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். அதன் பின்னால் இருக்கும் பெயரையும் தோட்டத்தையும் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தச் சிறிய படத்தை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதை மீண்டும் பிஸ்கட் டின்னிலேயே வையுங்கள். பெரிய படம் பழுதானால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். அந்த ஓரங்குலம் போனால் முகமே போய்விடும்.