அரக்குத் தட்டா, பிளாஸ்டிக் தட்டா? துடைக்கும் முன் பாருங்கள்!

செண்டாயான் வட்டாரத்தில் தோட்ட நிலமாக இருந்த இடத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரம் எழுந்து நிற்கிறது. இங்கு மட்டுமா? நெகிரி செம்பிலான் எங்கும் தோட்ட லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். சாமி படங்களோடும் தையல் இயந்திரத்தோடும் சில வீடுகளுக்கு ஓர் இசைத்தட்டுப் பெட்டியும் வந்து சேர்ந்திருக்கும். கல்யாணப் பந்தலிலும் மாரியம்மன் திருவிழாவிலும் ஒலிபெருக்கி வழியாகத் தோட்டத்தையே எழுப்பிய தட்டுகள் அவை.

இப்போது இசைத்தட்டுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. தாத்தாவின் பெட்டியைப் பிள்ளைகள் ஆவலோடு திறக்கிறார்கள். தட்டில் தூசியும் வெள்ளைப் பூஞ்சணமும் தெரிந்தால் கைக்குக் கிடைத்ததை ஊற்றித் துடைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. தூசி படிந்த தட்டை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். தவறான திரவம் பட்ட தட்டை மீட்க வழியே இல்லை. பழைய பாடல்கள் எல்லாமே குறுந்தட்டாக மறுபதிப்புக் கண்டுவிடவில்லை. உங்கள் வீட்டுத் தட்டு மிஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்றாகவும் இருக்கலாம்.

முதலில் இனம் காணுங்கள்

தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தாளைப் பாருங்கள். 78 என்று இருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும். 33 அல்லது 45 என்றிருந்தால் வினைல் என்னும் பிளாஸ்டிக் தட்டு. இது லேசாக வளைந்து கொடுக்கும்.

ஆண்டை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் நீண்ட நேர வினைல் தட்டு 1948-இலேயே வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் 1960-களிலும் 78 சுழற்சித் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. எனவே உங்கள் வீட்டிலுள்ள 1960-களின் திரைப்படப் பாடல் தட்டு அரக்காகவே இருக்கலாம். எச்.எம்.வி. 1963-இல் வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதமோ நீண்ட நேரத் தட்டு. ஒரே பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? அரக்கு, மரத்தில் வாழும் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின். அது ஆல்கஹாலில் கரையும். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒருமுறை துடைத்தாலே போதும், பஞ்சோடு பாட்டும் போய்விடும்!

துடைக்கும் முறை

பூஞ்சணம் பிடித்த தட்டை வீட்டுக்கு வெளியே எடுத்துச் சென்று, மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பூஞ்சணம் ஏறிய காகித உறையை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

வினைல் தட்டுக்கு: ஒரு லிட்டர் வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு கலந்தால் போதும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படிவை விட்டுச்செல்லும். வடித்த நீர் மருந்துக்கடையில் கிடைக்கும். மென்மையான துணியை நனைத்து, பாட்டு ஓடும் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். நடுத்தாள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை துடைத்து, தட்டு அடுக்கும் சட்டத்தில் நிழலில் காயவையுங்கள்.

அரக்குத் தட்டுக்கு: அதே கலவையில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். ஊறவைக்கவே கூடாது. உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். விரிசல் கண்ட தட்டுக்கு உலர்ந்த தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவற்றை இரண்டிலும் தொடவேண்டாம். எண்ணெய் பளபளப்பைத் தரும். மறுநாளே தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஊசியையும் கவனியுங்கள்

78 தட்டின் வரி அகலமானது. நீண்ட நேரத் தட்டின் வரி அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி ஊசி தேவை. பழைய ரேடியோகிராம் பலவற்றில் ஊசியைத் திருப்பி மாற்ற ஒரு சிறு நெம்பு இருக்கும். சாவி கொடுத்துச் சுழலும் பழைய கிராமபோனில் வினைல் தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் தலை நூறு கிராமுக்கும் மேல் கனக்கும். எஃகு ஊசி ஒரே ஓட்டத்தில் வரியை உழுதுவிடும். இன்றைய கருவிகள் பலவற்றில் ஊசி தட்டை அழுத்தும் எடை சுமார் இரண்டு கிராம்தான்.

பாட்டு தாவினால் ஊசித் தலைமேல் இருபது காசை வைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் காசு பாட்டைத் தாவாமல் ஓட வைக்கலாம். ஆனால் வரியைத் தேய்த்துவிடும். தாவுவதற்குத் தூசியோ தேய்ந்த ஊசியோ காரணமாக இருக்கலாம். அதைச் சரி செய்யுங்கள்.

ஊசி முனையில் பஞ்சுபோல் அழுக்கு சேர்ந்தால், சிறு மென்தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தள்ளுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் முனை முறியும். விரலால் தொடவும் கூடாது.

வைர ஊசி 500 முதல் 1,000 மணி நேரம் உழைக்கும். நாளும் ஒரு நீண்ட நேரத் தட்டை இரு பக்கமும் கேட்டால், சுமார் 40 நிமிடம். 500 மணி நேரம் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். நீலக்கல் ஊசியோ 50 மணி நேரத்திலேயே தளரத் தொடங்கும். பாடுபவரின் 'ச', 'ஸ' எழுத்துகள் எல்லாத் தட்டிலும் கரகரவென்று சீறினால் ஊசி தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். தேய்ந்த ஊசி தட்டைச் செதுக்கும் உளி.

நம் நாட்டு வெப்பத்தில்

தட்டுகளைப் புத்தகம் போல நேராக நிறுத்துங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளவை வளையும், உடையும். நம் நாட்டு ஈரக்காற்று பூஞ்சணத்துக்கு விருந்து. அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை உள்ளே போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வினைல் தட்டை விட்டுச் செல்லாதீர்கள்; அரைமணியில் அப்பளம் போல் வளைந்துவிடும்.

இந்த வேலைகளுக்குப் பெரிய செலவில்லை. அடுத்த ஞாயிறு பெட்டியை இறக்கும்போது, துணியை நனைப்பதற்கு முன் நடுத்தாளை ஒருமுறை படியுங்கள். அந்த ஒரு நிமிடப் பொறுமை, தாத்தா கேட்ட குரலைப் பேரப்பிள்ளைகளும் கேட்க உதவும்.