ட்ரோன் டேங்க் நிரம்பலாம். எடை மீறக் கூடாது

பூந்தமல்லி, திருமழிசை பக்கம் சொர்ணவாரி நெல்லுக்கு ட்ரோனில் மருந்து தெளிப்பவர்கள் பெருகிவிட்டனர். வாடகைக்கு வரும் ட்ரோனில் 'இன்னும் ரெண்டு லிட்டர் சேர்த்து ஊத்துங்க, ஒரு நடை மிச்சமாகும்' என்று கேட்கும் விவசாயிகளும் உண்டு. இப்படிக் கேட்காதீர்கள்.

ட்ரோன் விதிகள் 2021-ன்படி ட்ரோன், பேட்டரி, டேங்கில் உள்ள மருந்துக் கலவை எல்லாம் சேர்ந்ததே மொத்த எடை. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை 'சிறிய' வகை. அதைத் தாண்டினால் 'நடுத்தர' வகை. உதாரணமாக, பேட்டரியோடு 14 கிலோ உள்ள ட்ரோனில் 10 லிட்டர் கலவை ஊற்றினால் 24 கிலோ. 12 லிட்டர் கொள்ளும் டேங்கை மாட்டி நிரப்பினால் 26 கிலோ, வகையே மாறிவிடும். அந்த ட்ரோனுக்குக் கொடுத்த வகைச் சான்று இதற்குச் செல்லாது. விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கல்தான்.

மருந்தைவிட விதையில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. உலர்ந்த நெல் 10 கிலோவை ஊறவைத்து முளைகட்டினால் 12 கிலோவைத் தாண்டும். மூட்டையில் போட்ட எடையை நம்பாமல், ஊறிய விதையை டேங்கில் கொட்டும் முன் தராசில் நிறுத்துப் பாருங்கள். உரக் கரைசலும் அதே அளவு தண்ணீரைவிடக் கனமானது.

வெயிலையும் மறக்க வேண்டாம். 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 42 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. இறக்கைகள் வேகமாகச் சுழன்றால்தான் அதே எடையைத் தூக்கும். பேட்டரி சீக்கிரம் தீரும், மோட்டார் சூடாகும். மே மாத மதியத்தில் முழு டேங்கோடு பறந்த ட்ரோன் வரப்பைத் திரும்பும்போது தாழ்ந்து பயிரில் உரசுவது இதனால்தான். காலையில் தெளியுங்கள். காற்றில் மருந்து விலகுவதும் அப்போது குறைவு. மதியம் தெளித்தே ஆக வேண்டும் என்றால் டேங்கை முக்கால் அளவோடு நிறுத்துங்கள்.

பாதி டேங்கிலும் ஒரு தொல்லை உண்டு. தடுப்புத் தகடு இல்லாத டேங்கில் திருப்பத்தின்போது திரவம் ஒரு பக்கம் சாய்ந்து ட்ரோனையும் சாய்க்கும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கம் விமான நிலையமும் ஆவடி ராணுவ நிறுவனங்களும் அருகில் இருப்பதால், பறக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் வயல் பச்சை மண்டலத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ட்ரோன் ஓட்டுபவரிடம் ரிமோட் பைலட் சான்றும், ட்ரோனின் அதிகபட்ச மொத்த எடை குறித்த கையேடும் கேளுங்கள். கையேடு இல்லை என்றால் வேறு ட்ரோனை அழையுங்கள்.