98 வார்த்தை... 16 மணி நேரம்!

விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு வாழ்த்துத் தந்தி கொடுத்தார். மொத்தம் 98 வார்த்தை. போய்ச் சேர 16 மணி நேரம் ஆச்சு! 'எங்க ஆபீஸ் ஃபைலுக்கு இது எவ்வளவோ தேவலை' என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் போனது பியூன் கையில் இல்லை சார், மின்சாரத்தில்!

1858 ஆகஸ்ட். அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை அட்லான்டிக் கடலுக்கடியில் சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள். மின்சாரம் ஏன் அதில் தவழ்ந்தது?

ஒயர் என்றால் தண்ணீர்க் குழாய் மாதிரி, இந்தப் பக்கம் திறந்தால் அந்தப் பக்கம் கொட்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நான் பி.காம்., எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்தக் கேபிளில் நடுவே செம்புக் கம்பி, சுற்றிலும் குட்டா பெர்ச்சா என்கிற மரப்பிசின், வெளியே உப்புத் தண்ணீர். இரண்டு கடத்திக்கு நடுவே ஒரு காப்பு இருந்தால் அதற்குப் பெயர் கெப்பாசிட்டர். உங்க வீட்டு ஃபேனுக்குள் விரல் நீளத்துக்கு இருக்குமே, அதேதான். இங்கே 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு! அனுப்பிய மின்சாரம் வழியெல்லாம் அதை நிரப்பிக்கொண்டே போகணும். சம்பளக் கவர் வீடு போய்ச் சேருவதற்குள் டீக்கடை பாக்கி, சீட்டுப் பணம், வட்டிக்காரர் என்று கரையுமே, அந்தக் கதை. 'டக்'கென்று கிளம்பிய துடிப்பு அக்கரையில் மெள்ள ஏறி, மெள்ள வடிந்து, அடுத்த துடிப்போடு குழம்பிப் போகும்.

நீளம் 2 மடங்கானால் இந்தத் தாமதம் 4 மடங்கு, 10 மடங்கானால் 100 மடங்கு என்று கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் முன்பே கணக்குப் போட்டுவிட்டார். (பின்னாளில் கெல்வின் பிரபு ஆனாரே, அவர்தான்.) கம்பெனியின் மின்சார நிபுணர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலால் இவர் அறுவை சிகிச்சை டாக்டர்! 'வோல்டேஜை ஏத்து' என்று சுமார் 2,000 வோல்ட்டைச் செலுத்தினார். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த கேபிள், ஒரு மாசத்துக்குள் மூச்சை விட்டது. நிலையான இணைப்புக்கு 1866 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாம்சன் கணக்கிலும் ஒரு வரவு விட்டுப் போயிருந்தது. கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம், அதாவது இண்டக்டன்ஸ். அதைச் சேர்த்து முழுக் கணக்கையும் எழுதியவர் ஆலிவர் ஹெவிசைடு. பதினாறு வயசில் படிப்பை நிறுத்தியவர், தந்தி ஆபீஸ் வேலையை 24 வயசில் உதறியவர். இண்டக்டன்ஸ் எதிரி என்று பெரிய அதிகாரிகள் அடித்துச் சொன்ன காலத்தில், 'இன்னும் கொஞ்சம் கூட்டுங்க, பேச்சு குழம்பாமல் போகும்' என்று 1887-ல் எழுதினார். யார் கேட்டார்கள்? பிறகு டெலிபோன் லைனில் இடைவெளி விட்டுச் சுருள் வைக்கும் முறைக்கு அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின் காப்புரிமை வாங்கி லட்சக்கணக்கில் டாலர் பார்த்தார். ஹெவிசைடுக்கு அதில் சல்லிக்காசு இல்லை. எனக்கு வயிறு எரிகிறது!

அவர் கணக்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சொந்த எண். டி.வி. கேபிளுக்கு 75 ஓம். ஒரு மீட்டர் வாங்கினாலும் நூறு மீட்டர் வாங்கினாலும் அதே 75 தான்! கடைசி முனையில் அதே அளவு இல்லாவிட்டால் சிக்னல் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வரும். பழைய டி.வி.யில் ஹீரோவுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஹீரோ நிற்பாரே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ப்ளிட்டரின் காலி முனையில் கேபிள்காரர் குட்டி மூடி ஒன்றைத் திருகினால், தூசிக்காக என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே 75 ஓம் ரெசிஸ்டர் இருக்கும்.