சைக்கிள் வாடகையும் மணிக்கட்டு எலும்பும்

கால்பந்து செலக்‌ஷனுக்குப் போகும் பையனுக்கு அங்கே முதலில் கிடைப்பது ஒரு நம்பர். சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் கைவைக்காத பனியனில் 47 என்றோ 112 என்றோ எழுதியிருக்கும். பெயரை யாரும் கேட்பதில்லை. பக்கவாட்டில் மூன்று நாற்காலி, மூன்று பேர், மூன்று அட்டை. இருபது நிமிடம் ஆடவிடுவார்கள். தொண்ணூறு நிமிட ஆட்டத்திலேயே ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். இருபது நிமிடத்துக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அரை நிமிடம், கொஞ்சம் சில்லறை.

அந்த அரை நிமிடத்துக்காக மும்பையின் டிராம்பே பையன் விடியுமுன் எழ வேண்டும். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து மான்குர்டு. அங்கிருந்து ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. பிறகு கூப்பரேஜ் மைதானம்வரை நடை. பையில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கடன் வாங்கிய ஸ்டட்ஸ் இருக்கும். ஒரு சைஸ் பெரிது, விரல் பக்கம் துணி அடைத்திருக்கும். வீட்டில் ஒரு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் உள்ளே போயிருந்தால் பெரிய விஷயம். ஆட்டம் முடிந்ததும் அட்டையில் அவன் நம்பருக்கு எதிரே ஒரு டிக் விழும், அல்லது விழாது.

அந்த டிக் எதை அளக்கிறது? இளம் ஆட்டக்காரர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என்னைக் குடையும் கேள்வி இதுதான்.

டிராம்பேயை அறியாத வாசகர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. இங்கே சீத்தா கேம்ப் என்று ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை நெருக்கடி நிலைக் காலமான 1976இல் போலீஸை வைத்துக் காலி செய்தபோது மக்களைக் கொண்டுவந்து விட்ட இடம் இது. அந்தக் காலனியைக் காப்பாற்றப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பிறகு 2000இல் மகசேசே விருது பெற்றார். அன்று குடும்பத்துக்குக் கொடுத்த மனை பத்துக்குப் பதினைந்து அடி. வீட்டுக்கே இவ்வளவு இடம் என்றால் விளையாட எவ்வளவு கிடைத்திருக்கும்? சந்துதான் மைதானம், செருப்புதான் கோல் போஸ்ட்.

சந்து மோசமான பள்ளிக்கூடம் இல்லை. சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில், பைக்கும் தண்ணீர் டிரம்மும் குறுக்கே நிற்க ஆடிப் பழகியவனுக்குப் பந்து காலில் ஒட்டும். முதல் தொடுதலிலேயே ஆளைத் தாண்டத் தெரியும். வராதது வேறு. நாற்பது மீட்டர் தள்ளி இருப்பவனுக்குப் பந்து தூக்கிப் போட வராது, ஏனென்றால் நாற்பது மீட்டர் நேர்க்கோட்டை அவன் வாழ்க்கையில் பார்த்தது ரயில்வே பிளாட்பாரத்தில் மட்டும். பதினோரு பேர் ஆட்டத்தில் பந்து இல்லாதபோது எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியாது. அவனை முழு அளவு மைதானத்தில் இறக்கி இருபது நிமிடம் பார்ப்பவர் எழுதப்போவது தெரிந்ததுதான்: ‘பொசிஷன் சென்ஸ் இல்லை.’ எழுதியது சரி. அது ஆறு மாதத்தில் கற்றுத் தரக்கூடிய விஷயம். ஒட்டுகிற முதல் தொடுதலைப் பதினாறு வயதுக்கு மேல் கற்றுத் தருவது பெரும்பாடு. அட்டையில் இந்த இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் இருப்பதுதான் வம்பு.

ஹாலந்தின் அயாக்ஸ் கிளப்பில் நெடுங்காலமாக நான்கு அம்சங்களை வைத்துச் சிறுவர்களை எடைபோட்டார்கள்: நுட்பம், ஆட்டத்தைப் படிக்கும் அறிவு, குணம், வேகம். நான்கில் ஸ்டாப்வாட்சுக்கு அகப்படுவது வேகம் மட்டும். அதனால்தான் செலக்‌ஷன்களில் வேகத்துக்கு இவ்வளவு மவுசு என்று நினைக்கிறேன். எண்ணாக வருவதை நம்புவது சுலபம். ஆனால் அறிவையும் ஓரளவு எண்ணலாம். பந்து தன்னிடம் வருமுன் ஆட்டக்காரர் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கிறார் என்று நார்வே ஆய்வாளர் கெயிர் ஜோர்டெட் வருஷக்கணக்காக எண்ணினார். அடிக்கடி பார்ப்பவர்களின் அடுத்த பாஸ் சரியாகப் போய்ச் சேர்வது அதிகம் என்பது அவர் கண்டது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பையனை மட்டும் பத்து நிமிடம் பார்க்கும் பொறுமை வேண்டும், பந்தைப் பார்க்காமல்.

இனி உடம்பு. ஆண் பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரும் வருஷம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வருகிறது. சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், சிலருக்குப் பதினாறு ஆகும். ஆகவே பதின்மூன்று வயதுக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது ஒருவன் பாதி ஆம்பிளை, இன்னொருவன் குழந்தை. முட்டி மோதினால் யார் விழுவார் என்பது ஆட்டத் திறமையைப் பற்றிய செய்தி அல்ல. சத்துக் குறைவாக வளர்ந்த பிள்ளைக்கு இந்த வளர்ச்சி இன்னும் தள்ளிப் போகும். சீத்தா கேம்ப், கோவண்டி, மான்குர்டு எல்லாம் அடங்கிய எம்-கிழக்கு வார்டு 2009ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்திலேயே கடைசி இடத்தில் இருந்தது. தேவ்னார் குப்பைமேடும் இதே வார்டில்தான். இங்கிருந்து போகும் பையன் சிறியவனாக நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வளர்ச்சி வேகமெடுக்கும் வருஷத்தில் இன்னொரு கூத்து நடக்கும். கால் எலும்பு முதலில் நீளும், உடம்பு பிறகுதான் வந்து சேரும். நேற்றுவரை பந்தோடு நடனமாடிய பையன் திடீரென்று தன் காலிலேயே தடுக்கி விழுவான். முட்டிக்குக் கீழே வலி என்பான். ‘இவன் சோம்பேறி ஆகிவிட்டான், ஏத்தம் வந்துவிட்டது’ என்று வீட்டிலும் மைதானத்திலும் திட்டு விழும். அந்த வருஷம் செலக்‌ஷனுக்குப் போனால் முடிந்தது கதை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. உயரம், எடை, ஸ்டூலில் உட்காரவைத்து எடுக்கும் உயரம், பிறந்த தேதி. இந்த நான்கையும் வைத்து, வளர்ச்சியின் உச்சத்துக்கு ஒரு பையன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிக்கும் சூத்திரத்தைக் கனடாக்காரர்கள் 2002இல் வெளியிட்டார்கள். துல்லியம் என்று சொல்ல முடியாது, ஆனால் கண்ணால் பார்த்து ‘சின்னப் பையன்’ என்று தள்ளுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் வயதுக்குப் பதிலாக உடல் வளர்ச்சியை வைத்துச் சிறுவர்களைப் பிரித்துப் போட்டி நடத்திப் பார்த்திருக்கின்றன. பெல்ஜியம் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் அணி வைத்தது. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் பதினாறு வயதில் குள்ளம் என்று அனுப்பிய ஜேமி வார்டி, பிறகு லெஸ்டர் சிட்டியோடு லீக் பட்டம் வென்றார். சிறிய உடம்பைச் சொல்லி பிரெஞ்சு கிளப்புகள் வேண்டாம் என்ற கிரீஸ்மன் ஸ்பெயினுக்குப் போய் வளர்ந்து, 2018இல் பிரான்ஸுக்கே உலகக் கோப்பை வாங்கித் தந்த அணியில் இருந்தார். இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் திரும்பி வராதவர்களுக்குக் கதை கிடையாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறந்த தேதி என்றேனே, அது நம் ஊரில் தனிப் புராணம். மகாராஷ்டிராவில் போன தலைமுறைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஆள் ஜூன் 1 என்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பிறந்தநாள். இப்போது சான்றிதழ் இருக்கிறது என்றாலும் வயதைக் குறைத்து ஆடவைக்கும் பழக்கம் விளையாட்டை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இளையோர் போட்டிகளுக்கு இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். ஃபிஃபா 2009லிருந்து பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இதற்கு எம்.ஆர்.ஐ. வைத்திருக்கிறது. ஏமாற்றைத் தடுக்க வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிக்கட்டு சொல்வது எலும்பு எவ்வளவு முதிர்ந்தது என்பதை மட்டும்தான், எந்தத் தேதியில் பிறந்தான் என்பதை அல்ல. உண்மையான வயதோடு வந்தும் சீக்கிரம் முதிர்ந்ததால் வெளியே போகும் பிள்ளையும் உண்டு.

சரியான தேதியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஃபிஃபா கணக்கில் ஆண்டு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஒரே ‘வயதுப் பிரிவில்’ ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம். பன்னிரண்டு வயதில் ஒரு வருஷம் என்பது மலை. பெல்ஜியத்தில் 1997க்கு முன் வெட்டுத் தேதி ஆகஸ்ட் 1. அப்போது இளையோர் அணிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் குவிந்திருந்தார்கள். தேதியை ஜனவரிக்கு மாற்றியதும் ‘திறமை’ ஜனவரி, பிப்ரவரிக்கு இடம் மாறிவிட்டது. தேர்வாளர்கள் அதே ஆட்கள், கண்ணும் அதே கண்.

நம் நந்தகுமார் சேகர் டிசம்பரில் பிறந்தவர். 1995 டிசம்பர். சென்னைப் பையன். இந்திய அணிக்காக முதன்முதலில் ஆடியது 2023 ஜூனில், இருபத்தேழு முடிந்த பிறகு. அதே ஆண்டு ஆகஸ்டில் டியூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோலை அடித்து, நாலரை வருஷமாகக் கொல்கத்தா டெர்பியில் வெற்றியே பார்க்காத ஒரு கூட்டத்தை அழவைத்தார். பிறந்த மாதம்தான் அவரைத் தாமதப்படுத்தியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருபத்தொன்றில் ‘வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டும்’ என்று கணக்கை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்கிறேன்.

ஆள் தெரிந்தெடுப்பதில் இந்த நாடு கண்ட பெரிய கண் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமுடையது. ‘மைதான்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து பம்பாய்க்கு வந்து ரோவர்ஸ் கோப்பையை அள்ளிக்கொண்டு போனது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனை அவர் பயிற்சிக்குக் கூப்பிட்டார். தினம் அவ்வளவு தூரம் வரக் காசில்லை என்றான் பையன். வாடகை சைக்கிளுக்கு ரஹீம் தன் பையிலிருந்து காசு கொடுத்தார். பையன் பெயர் துளசிதாஸ் பலராம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது அந்த அணியில் இருந்தார். 1960 ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டார். 1962 ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம். உடல்நிலை கெட்டு இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் காலமானார்.

இந்தக் கதையில் எல்லோரும் ரஹீமின் பெருந்தன்மையைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது அவர் போட்ட கணக்கை. பலராம் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பது ஒரு பக்கம்; எதெல்லாம் இல்லாமல் இவ்வளவு ஆடுகிறார் என்பது இன்னொரு பக்கம். கடலுக்கு அப்பால் நவி மும்பையில் தங்கிப் பயிலும் அகாடமியில் நாலு வருஷம் இருந்தவனும், சீத்தா கேம்ப் சந்தில் கோச்சே இல்லாமல் ஆடியவனும் ஒரு நாள் சமமாக ஆடினால், இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் போடுவது நியாயம் மாதிரிதான் தெரியும். உண்மையில் அது இரண்டாமவனுக்குச் செய்யும் கணக்குப் பிழை. ஒருவன் தன் இடத்தை ஏறக்குறைய நிரப்பிவிட்டான், இன்னொருவனுக்கு இன்னும் இடம் கிடக்கிறது. அது எவ்வளவு என்று அறிய ஒரே வழி அவனுக்குச் சோறும் வண்டிக்காசும் கோச்சும் கொடுத்து ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதுதான்.

மறுபடி பார்ப்பதன் பலனை நாடே ஒருமுறை கண்டது. 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. டிராம்பேயிலிருந்து கழிமுகத்தைத் தாண்டினால் வரும் நெருல் டி.ஒய். பாட்டீல் மைதானத்திலும் ஆட்டங்கள் இருந்தன. இந்தியா ஆடியது மட்டும் டெல்லியில். தேசிய அணிக்கு வருஷக்கணக்காக ஆள் தேடிச் சேர்த்திருந்தார்கள். கடைசி நேரத்தில் மினர்வா அகாடமிப் பையன்கள் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அந்த அணியையே தோற்கடித்தார்கள். பயிற்சியாளர் லூயிஸ் நார்ட்டன் டி மாடோஸ் வீம்பு பிடிக்காமல் அவர்களில் சிலரை உள்ளே எடுத்தார். அப்படி வந்த மணிப்பூர் ஜீக்சன் சிங்தான் அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலைத் தலையால் அடித்தார். கார்னரைத் தூக்கிக் கொடுத்தது பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின்.

பணக் கணக்கும் இதில் உண்டு. ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. நல்ல விதி. ஆனால் பதிவு பெற்ற கிளப்புக்குத்தான் காசு. பந்தைத் தன் செலவில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் அண்ணன்மாருக்கு டிராம்பேயில் ஏது பதிவு எண்? முன்பாவது மும்பையில் பந்தாடினால் மில்லிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கும் என்றொரு வாசல் இருந்தது. மில் அணிகள் போயின. தேசிய லீக் வென்ற மஹிந்திரா யுனைடெட் அணியே 2010இல் மூடப்பட்டது. ஆகவே இன்று செலக்‌ஷனில் விழாத டிக் முன்னைவிடக் கனமாக விழுகிறது.

அந்த அண்ணன்மாரில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பத்துக்குப் பதினைந்து அடி வீட்டிலும் ஒரு சுவர் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையனை அதில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அப்படியே ஸ்டூலில் உட்காரவைத்து இன்னொரு கோடு. அடுத்த செலக்‌ஷனுக்குப் போகும்போது அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போய், நாற்காலியில் இருக்கும் மூவரிடம் காட்டுங்கள். இரண்டு பேர் பார்க்க மாட்டார்கள்.