தெப்பம் மிதப்பது எதனால்?

மாசி மகம் வந்துவிட்டால் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து அன்பர்கள் பலர் பாலம் கடந்து, பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பஹாங்கிற்குச் செல்வர். அங்கே அருள்மிகு ஸ்ரீ சிங்கமுக காளியம்மன் ஆலயத்துத் தெப்பத்தில் அம்பாள் எழுந்தருளிக் கடல்மீது பவனி வரும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். கரையில் நிற்போர் தீபங்களை நீரில் மிதக்க விடுவர்.

ஒருமுறை என் அருகில் நின்ற சிறுவன், "ஐயா, என் விளக்கு மட்டும் மூழ்கிவிட்டதே, அம்மனுக்குக் கோபமா?" என்று கண் கலங்கினான். மற்றவர்கள் வாழைமட்டையின்மீது விளக்கை வைத்திருந்தனர். அவனோ மண் அகலில் எண்ணெயை விளிம்புவரை ஊற்றி, அப்படியே நீரில் இட்டிருந்தான். ஒரு சிற்றலை உள்ளே புகுந்ததும் அது அமிழ்ந்துவிட்டது. "கோபமில்லை தம்பி, பாரம்தான்" என்றேன்.

நீரில் இடப்படும் பொருள், தான் நுழையும் இடத்தில் இருந்த நீரை விலக்குகிறது. அவ்வாறு விலகிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு நீர் அப்பொருளை மேல்நோக்கித் தாங்குகிறது. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை இது. இரும்பு ஆணி தன் எடைக்குச் சமமான நீரை விலக்க இயலாமையால் மூழ்குகிறது. அதே இரும்பைக் குழிவாகச் செய்து கப்பலாக்கினால், உள்ளிருக்கும் காற்றின் இடமும் சேர்ந்து பெருமளவு நீரை விலக்குவதால், பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான டன் சரக்குடன் மிதக்கிறது. கருங்கல்லோ, தன் அளவுள்ள நீரைக் காட்டிலும் இரண்டரை மடங்கிற்கு மேல் கனமானது. அது மிதவாது என்பதனாலன்றோ, கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதைப் பெரியபுராணம் அற்புதமெனப் போற்றுகிறது!

நாம் கட்டும் தெப்பத்திற்கு அற்புதத்தை எதிர்பார்த்தல் தகாது, கணக்கே துணை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயத்தின் தெப்பப் பணியில் அடியேனும் உதவினேன். 200 லிட்டர் பீப்பாய் முழுதும் அமிழ்ந்தால் 200 கிலோ நீரை விலக்கும். கடல்நீர் சற்று அடர்த்தி மிக்கதாதலால் 205 கிலோ. ஆயினும் பாதியளவே அமிழலாம் என்பதே எங்கள் தச்சர் வகுத்த விதி. அதன்படி ஒரு பீப்பாய்க்கு 100 கிலோ. அதன் சொந்த எடை 20 கிலோ போக மீதம் 80. ஆக, 50 பீப்பாய்கள் தாங்குவது 4,000 கிலோ. பலகை, விமானம், ஜெனரேட்டர் அனைத்திற்கும் 2,500 கிலோ கழிந்தது. எஞ்சிய 1,500 கிலோவில் 21 பேர் ஏறலாம். வெள்ளோட்டத்தின்போது ஒரு பீப்பாயின் மூடி கசிந்து, தெப்பத்தின் ஒரு மூலை தாழ்ந்தது. அதைக் கண்டபின் 15 பேருக்கு மேல் வேண்டாம் என முடிவு செய்தோம்.

எடை மட்டுமன்று, அது அமரும் இடமும் முக்கியம். விமானம் உயர உயரத் தெப்பம் சாயும் அச்சம் மிகும். எனவே மேற்பகுதியை மூங்கிலாலும் காகிதத்தாலும் அமைத்து, ஜெனரேட்டரை நடுவில் தாழ வைத்தோம். ஏறியவர்கள் ஒரே பக்கம் திரளலும் ஆகாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கம் குவிந்தது அதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. மதுரையில், 1645இல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், தைப்பூசத்தன்று பக்தர்கள் கரையில் நின்றே வடம் பிடித்துத் தெப்பத்தை இழுப்பர். கரையில் நிற்பது குறைவான சேவை என்று அங்கே எவரும் கருதுவதில்லை.

எனினும் உபயதாரர்களிடம் இதனைச் சொல்வது எளிதன்று. "உபயம் கொடுத்தவனுக்குத் தெப்பத்தில் இடமில்லையா?" என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். மாலை மரியாதையைக் கரையிலேயே செய்துவிட்டு, குருக்கள், நாதசுரக் குழுவினர், தொண்டர்கள் என 15 பேரை மட்டும் ஏற்றினோம். அம்பாள் கரை திரும்பிய பின் அப்பெரியவரே என்னை அழைத்து, "செயலாளரே, அடுத்த ஆண்டு இன்னும் 10 பீப்பாய் நான் தருகிறேன். அப்போது எத்தனை பேர் கூடும்?" என்று வினவினார். 800 கிலோ, அதாவது 11 பேர் என்றேன். ஆனால் அவற்றை இரு ஓரங்களிலும் கட்டி அகலத்தைக் கூட்டிய பின்னரே எனவும் சொல்லி வைத்தேன்.