பார்சலில் வந்த பொருள் பழுதானால்...

கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி இருக்கும் ஸ்ரீமதுரை போன்ற ஊர்களில் ஒரு மிக்ஸி வாங்க இன்று கடைவீதிக்குப் போக வேண்டியதில்லை. கைப்பேசியில் பார்த்து, விலையை ஒப்பிட்டு, வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் நம் மாணவர்கள்தான். அப்பாவுக்கு டார்ச் விளக்கு, அம்மாவுக்குக் குக்கர், பாட்டிக்குக் கம்பளி என்று தேடி, ஆர்டர் போட்டு, ஓடிபி சொல்லிப் பார்சலைப் பெறுவது வரை அவர்களே பார்க்கிறார்கள்.

பொருள் நன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. உடைந்தோ, வேறு பொருளாகவோ, நான்கு நாளில் நின்றுபோகும் பொருளாகவோ வந்தால் ஆர்டர் போட்ட பிள்ளைக்குத் திட்டு விழுகிறது. "போனால் போகட்டும்" என்று குடும்பம் நட்டத்தை ஏற்றுக்கொள்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் 1,500 ரூபாய் என்பது சில நாள் உழைப்பு. அதைத் திரும்பப் பெறச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது. அந்த வழியை ஆசிரியர்கள் அறிந்திருந்தால், வகுப்பறை வழியாக அது ஊருக்கே போய்ச் சேரும்.

ஒரு குக்கர் விவகாரம்

மலைப்பகுதியில் குக்கர் இல்லாமல் சமையல் நடப்பது கடினம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறைகிறது. சென்னையில் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகமண்டலத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நேரமாகும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை உயர்ந்து, சமையல் விரைவாக முடிகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாத தரமற்ற குக்கர் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆணை வந்த பிறகும் முத்திரை இல்லாத குக்கர்கள் இணையச் சந்தைகளில் விற்கப்பட்டன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து, 2022 ஆகஸ்டில் அமேசான், பிளிப்கார்ட் ஆகிய இரு தளங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியாக விற்கப்பட்ட அத்தகைய குக்கர்கள் 2,265. பிளிப்கார்ட் வழியாக விற்கப்பட்டவை 598. வாங்கியவர்கள் அனைவருக்கும் தகவல் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, அபராதத் தொகையைக் கட்டவும், வாங்கியவர்களுக்குத் தகவல் தெரிவிக்கவும் நீதிமன்றம் இடைக்காலமாகப் பணித்தது.

இந்த விவகாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒரு வாதத்தை. "நாங்கள் விற்கவில்லை, விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் இடம் மட்டுமே எங்களுடையது" என்பதுதான் இணையச் சந்தைகள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆனால் அந்த 2,265 குக்கர்களின் விற்பனையில் அமேசான் கட்டணமாக 6 லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றிருந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் வருவாய் பெறும் தளம், பொருளில் குறை என்றதும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே ஆணையத்தின் நிலைப்பாடு.

விதிகள் நமக்குத் தருவது என்ன?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இணையவழிக் கொள்முதலும் இதில் அடங்கும். அதே மாதம் மின்வணிகத்துக்கென்று தனி விதிகளும் அறிவிக்கப்பட்டன. அவற்றின் சாரம் இது:

• பழுதான, போலியான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது.

• ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

• ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தந்து, அது எந்த நிலையில் உள்ளது என்று வாங்கியவர் பார்க்க வகை செய்ய வேண்டும்.

• விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்ட வேண்டும். பொருள் வாங்கிய பிறகு நாம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், புகாரைத் தீர்த்துக்கொள்ளத் தேவையான கூடுதல் விவரங்களையும் தர வேண்டும்.

மறுவிற்பனைக்கு வாங்குபவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு தாய் தனக்கென ஒரு தையல் இயந்திரம் வாங்கினால் அவர் நுகர்வோர். பத்து இயந்திரங்களை வாங்கி விற்பவர் வியாபாரி.

முதலில் ஆதாரம்

தகராறு என்று வந்தால் வெல்வது ஆதாரம்தான். பார்சலைப் பிரிக்கும்போதே முகவரிச் சீட்டு தெரியும்படி கைப்பேசியில் வீடியோ எடுப்பது நல்லது. மழைக்காலத்தில் பெட்டி நனைந்து வந்தால் அதையும் படம் எடுக்க வேண்டும். தளத்தில் பொருளைப் பற்றிச் சொல்லியிருந்த பக்கத்தை அப்போதே படம் பிடித்து வைக்க வேண்டும். பின்னால் அந்தப் பக்கம் மாறலாம், மறையவும் செய்யலாம். பெட்டி, உறை, உத்தரவாத அட்டை எதையும் திரும்பக் கொடுக்கும் கெடு முடியும்வரை எறியக் கூடாது.

பில்லைத் தளத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ள வேண்டும். விற்பனையாளரின் உண்மையான பெயர் அதில்தான் இருக்கும். ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் முதல் இரு இலக்கங்கள் அந்தப் பதிவு எந்த மாநிலத்தில் உள்ளது என்று சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, டெல்லி 07. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் வாழும் மாணவர்களுக்கு இது சுவையான பயிற்சியாகவும் அமையும். குக்கர் போன்ற பொருள்களில் ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், முத்திரை உண்மையா என்று தெரிந்துவிடும்.

படிப்படியாக முறையிடல்

முதல் படி, தளத்தின் செயலியிலேயே 'திரும்பக் கொடுத்தல்' பகுதியில் காரணத்தையும் படங்களையும் பதிவு செய்வது. தளம் தரும் கெடு ஏழு நாளோ பத்து நாளோ இருக்கலாம். அதைத் தவறவிடக் கூடாது. கெடு முடிந்தபின் பழுது தெரிந்தால் மனம் தளர வேண்டியதில்லை. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் தனி. பழுது பார்க்கும் மையத்துக்குப் போனால், என்ன பழுது என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் அதுவே முக்கியச் சான்றாகும்.

இரண்டாம் படி, குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். ஆர்டர் எண், தேதி, தொகை, என்ன குறை, நமக்கு என்ன வேண்டும் (மாற்றுப் பொருளா, பணமா) என்று ஐந்தாறு வரிகளில் எழுதினால் போதும். ஜூன் 12 அன்று புகார் கிடைத்தால் ஜூன் 14க்குள் ஒப்புகை, ஜூலை 12க்குள் தீர்வு வர வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி, தேசிய நுகர்வோர் உதவி மையம். எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் பெற்றுத் தர முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆயினும் சிறிய தொகைக்கான பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர வாய்ப்பு உண்டு.

நான்காம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீலகிரிக்கு இது உதகமண்டலத்தில் இயங்குகிறது. விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பது கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எதிர்தரப்பில் விற்பனையாளர், தளம் இருவரையும் சேர்ப்பது நல்லது. உத்தரவாதப் பிரச்சினை என்றால் தயாரிப்பாளரையும் சேர்க்கலாம்.

ஸ்ரீமதுரையிலிருந்து உதகைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலை நியாயமானது. அதற்காகவே இணையவழியில் வழக்குப் பதியும் முறை 2020 செப்டம்பரில் 'இ-தாக்கில்' என்ற பெயரில் தொடங்கியது. 2025 ஜனவரி முதல் 'இ-ஜாக்ரிதி' தளம் அந்த வேலையைச் செய்கிறது. காணொளி வழியாக விசாரணை வேண்டும் என்று கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குகளை எதிர்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலமும் ஆகலாம் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

300 ரூபாய் டார்ச்சுக்கு வழக்கு வேண்டுமா என்று கேட்கலாம். வழக்குத் தொடுப்பது அவரவர் முடிவு. ஆனால் முதல் மூன்று படிகளுக்குச் செலவு ஏதுமில்லை. ஒரே பொருளால் பலர் ஏமாந்திருந்தால் மாவட்ட ஆட்சியரிடமும் மத்திய ஆணையத்திடமும் புகார் செய்யலாம். குக்கர் விவகாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்காக உத்தரவு வந்தது அப்படிப்பட்ட அதிகாரத்தால்தான்.

போலி உதவி எண்கள்: எச்சரிக்கை

பழுதான பொருளைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட எண்ணை அழைத்து, வங்கிக் கணக்கில் இருந்ததையும் இழப்பது. பணம் திருப்பித் தருகிறோம் என்று ஓடிபி, யுபிஐ ரகசிய எண் ஆகியவற்றைக் கேட்பவர், வேறு செயலியைத் தரவிறக்கச் சொல்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. சேவை எண்ணைத் தளத்தின் செயலிக்குள் மட்டுமே பார்க்க வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்புகளில் வெற்றுப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, விலை, தயாரித்த நாள், எடை, முத்திரை ஆகியவற்றைத் தேடச் சொல்லலாம். பெட்டியில் எண்ணைக் கண்டுபிடிக்கும் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் ஒருசேரப் பழகும்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் பாடங்களோடு இணைக்கலாம். தமிழில் கடிதம் எழுதும் பயிற்சிக்குக் குறைதீர் அலுவலருக்கு ஒரு புகார்க் கடிதம். கணக்கில், தள்ளுபடி சதவீதமும் கெடு நாள்களும். அறிவியலில், அழுத்தமும் கொதிநிலையும், குக்கரின் பாதுகாப்பு வால்வும். சமூக அறிவியலில், வாங்கியவர், விற்பனையாளர், தளம், ஆணையத் தலைவர் என்று நான்கு பேர் நடிக்கும் மாதிரி விசாரணை. வாங்கியவர் பக்கமே எப்போதும் வெல்ல வேண்டும் என்பதில்லை. பயன்படுத்தி உடைத்துவிட்டுப் பொய் சொல்லும் வாடிக்கையாளரையும் ஒருமுறை மேடையேற்றினால், நேர்மை இரு பக்கத்துக்கும் பொது என்று மாணவர்களுக்குப் புரியும்.

குடிமக்கள் நுகர்வோர் மன்றம் உள்ள பள்ளிகளில், மாணவர் வீடுகளில் நிலுவையில் உள்ள உண்மையான புகார்களை எடுத்துக்கொண்டு, பெற்றோரின் ஒப்புதலோடு 1915க்குப் பதிவு செய்ய உதவலாம். டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். அது அரையாண்டு விடுமுறையை ஒட்டி வருவதால் நவம்பரிலேயே இதைத் தொடங்கிவிட்டால், ஒரு மாதக் கெடு முடிவதற்குள் எத்தனை வீடுகளுக்குப் பதில் வந்தது என்று டிசம்பரில் மாணவர்களே கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் எழுதலாம். தன் வீட்டுக்குத் திரும்பி வந்த பணத்தை அந்தப் பட்டியலில் பார்க்கும் பிள்ளைக்கு, புகார் எழுதத் தெரிந்ததன் மதிப்பு தானே விளங்கும்.