இரண்டாம் மொழியின் முதற்சொற்கள்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாடசாலையில், முதலாம் தரத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் பழக்க ஓர் ஆசிரியை வருகிறார் என்று கொள்க. முன் வாங்கில் அமர்ந்திருக்கும் சிறுமியை நோக்கி அன்போடு கையை நீட்டி, "என்ன" என்கிறார். சிறுமி திகைக்கிறாள். தன்னிடம் ஏதோ கேட்கப்படுகிறது என்று எண்ணி, விடை அறியாமல் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஆசிரியை கூறியது சிங்களச் சொல். அதன் பொருள் 'வா' என்பதாகும். சிறுமியின் செவியில் விழுந்ததோ, அவள் பேசத் தொடங்கிய நாள்முதல் அறிந்த தமிழ்ச் சொல்.

இத்தகைய சொற்கள் வேறும் உள. 'நில்' என்பது தமிழில் ஏவல். சிங்களத்தில் நீல நிறம். 'மல்லி' என்றால் தமிழ்ப் பிள்ளைக்குக் குழம்புக்கு அரைக்கும் கொத்தமல்லி நினைவுக்கு வரும். சிங்களப் பிள்ளைக்குத் தம்பி நினைவுக்கு வருவான். இவை கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதற்குரிய வேடிக்கைகள் மட்டுமல்ல. இரண்டாம் மொழியைக் கற்க வரும் குழந்தை வெறும் பாத்திரமாக வருவதில்லை. நிறைந்த செவியோடு வருகிறது என்ற அடிப்படை உண்மையை இவை உணர்த்துகின்றன. அச்செவியில் முன்பே என்ன இருக்கிறது என்பதை அறிந்து கற்பிப்பவரே சொல்லை நிலைநிறுத்த வல்லவர்.

பதுளையைச் சூழ்ந்த மலைகளில் பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனத் தோட்டப் பகுதிகள் பரந்துள்ளன. லயத்தில் ஒலிப்பது தமிழ். தோட்டத்து எல்லையைக் கடந்தால் பல இடங்களில் சிங்களக் கிராமம். சந்தையிலும் பஸ் வண்டியிலும் இரு மொழிகளும் கலந்து ஒலிக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கு வசதி செய்யும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்ததோ 1970களில் தொடங்கியே. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆயிற்று. 1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. ஆகவே இன்று இப்பிள்ளைகள் தாய்மொழியோடு மேலும் இரு மொழிகளை நாடவேண்டியுள்ளது. இச்சுமையை இலேசாக்குவது எவ்வாறு?

முதற்படி, பிள்ளை முன்பே சேர்த்துவைத்திருக்கும் செல்வத்தைக் கணக்கிடுவதாகும். காலையில் தொழிலாளர் கூடும் இடத்தைத் தோட்டத்தார் பெரட்டுக்களம் என்பர். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே பெரட்டு ஆயிற்று. 'லைன்' என்பது லயமாகவும், 'கொன்ட்ராக்ட்' கொந்தரப்பாகவும் மாறின. எழுத்தறியாத பாட்டியும் நாள்தோறும் ஆங்கிலச் சொற்களை ஆள்கிறார். அவை ஆங்கிலம் என்பதை மட்டும் அவர் அறியார்.

சிங்களத்தோடு உள்ள உறவு இதனினும் நெருங்கியது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் பல இரு மொழிகளிலும் தங்கிவிட்டன. தமிழில் மேசை, அலுமாரி, சப்பாத்து, துவாய். சிங்களத்தில் மேசய, அல்மாரிய, சப்பத்துவ, துவாய. தமிழின் கடை சிங்களத்தில் கடே, கூடை கூடய, பாலம் பாலம. அக்கா என்பது இரு மொழியிலும் அக்காவே. கற்பித்தலை இச்சொற்களிலிருந்து தொடங்கினால், முதல் நாளிலேயே பத்துச் சொற்களைத் தான் அறிந்திருப்பதைக் கண்டு பிள்ளை வியக்கும். 'இது எனக்கு வரும்' என்ற துணிவு அப்போது பிறக்கும். அத்துணிவு பிறந்த பின்னரே 'என்ன', 'நில்', 'மல்லி' போன்ற ஏமாற்றும் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குதல் தகும்.

இரண்டாவது, சொற்களை ஊட்டும் முறை. கரும்பலகையில் இருபது சொற்களையும் எதிரே அவற்றின் பொருளையும் எழுதி, பிள்ளைகளைப் பார்த்தெழுதச் செய்து, மறுவாரம் ஒப்புவிக்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். குறிப்பேடு நிறையும், நினைவு நிறைவதில்லை. இதன் காரணத்தை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்கவுஸ் 1885இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்த அவர், கற்றவற்றில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறைகிறது என்றும், எஞ்சியது மெல்லத் தேய்கிறது என்றும், இடைவெளி விட்டு மீண்டும் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதினும் நிலைக்கிறது என்றும் கண்டார். ஆகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு சொற்கள் போதும். அவை மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை என வெவ்வேறு விளையாட்டில் திரும்பி வருதல் வேண்டும். புதிய சொல்லைத் தருவதற்குச் செலவிடும் நேரத்தினும் பழைய சொல்லைத் திரும்ப அழைப்பதற்குச் செலவிடும் நேரம் மிகுதியாக இருப்பதே முறை.

மூன்றாவது, கேட்டலே பேசுதலுக்கு முந்தியது. தாய்மொழியைக் கற்ற குழந்தையும் பல மாதம் கேட்டு, ஏவியதைச் செய்து, அதன் பின்னரே பேசிற்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இவ்வியல்பையே ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார். ஆசிரியர் ஓர் ஏவலைக் கூறித் தாமே செய்து காட்டுவார், பிள்ளைகளும் செய்வர், பேசுமாறு வற்புறுத்துவதில்லை. 'வாடி வென்ன' என்றதும் அனைவரும் அமர்வர். 'தொர அரின்ன' என்றதும் ஒருவன் ஓடிக் கதவைத் திறப்பான். முன்பு திகைப்பூட்டிய 'என்ன' என்ற சொல்லும், கையசைவோடு பத்து முறை கேட்டு நடந்தபின் தன் சிங்களப் பொருளிலேயே பதிந்துவிடும். இலங்கைப் பாடசாலைகளின் முதலிரு தரங்களிலும் ஆங்கிலத்தை எழுத்தின்றிச் செயலோடு வாய்மொழியாகப் பழக்கும் ஏற்பாடு 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு புகுந்ததற்கும் அடிப்படை இதுவே.

எழுத்தைச் சற்றுப் பிந்தியே தரவேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிங்களம் வல்லொலியையும் அதன் மெலிந்த ஒலியையும் வெவ்வேறு எழுத்துகளால் குறிக்கும். தமிழுக்கு அவ்விரண்டிற்கும் ஓரெழுத்தே. 'தொல' என்று தமிழில் எழுதினால், அது உதட்டைக் குறிக்கும் சொல்லா, முதலொலி மெலிந்து ஒலிக்கும் ஓடையைக் குறிக்கும் சொல்லா என்பது விளங்காது. சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்த பிள்ளை, வாழ்நாள் முழுவதும் ஓடையை உதடாக்கிப் பேசும். முதலில் செவி பழகினால் இப்பிழை நேராது. இங்குத் தமிழ் எழுத்தில் தரப்பட்ட சிங்களச் சொற்களும் ஏறக்குறைய ஒலிக்குறிப்புகளே. அவற்றைச் சிங்களம் பேசுவார் வாயிலாகக் கேட்டறிதலே நன்று.

எச்சொற்களை முதலில் தருவது? வங்காளத்தில் கல்விப்பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். மிகுதியாக வழங்கும் சொற்களை முதலில் கற்பித்தால் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் கிட்டும் என்பது அதன் கொள்கை. தோட்டத்துப் பிள்ளைக்கு அக்கொள்கையோடு இடத்தின் தேவையையும் சேர்த்து நோக்கவேண்டும். தண்ணீரும் மழையும், கடையும் மருந்தும், கையும் காலும், கொழுந்தும் கூடையும் அதன் உலகம். கடலையும் கப்பலையும் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: இடம்-வலம், மேல்-கீழ் போன்ற இணைச்சொற்களை ஒரே நாளில் சேர்த்துத் தருவது எளிதெனத் தோன்றும். ஒரே இனத்துப் புதுச்சொற்களை ஒருங்கே கற்றால் ஒன்றோடொன்று மயங்கிக் கற்றல் தடைப்படுகிறது என்பதை 1990களில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. 'வலம்' நன்கு பதிந்தபின் 'இடம்' வருவதே நலம்.

சொல் தனித்து வாழ்வதில்லை. 'வத்துர' என்றால் தண்ணீர் என்று மட்டும் அறிந்த பிள்ளை தாகத்தோடு நின்றுகொண்டிருக்கும். 'வத்துர டிக்கக் தென்ன' என்று ஒரு தொடராகப் பழகிய பிள்ளை தண்ணீர் கேட்டுப் பருகும். பின்னர் தண்ணீரின் இடத்தில் மருந்தையும் சோற்றையும் வைத்துத் தானே புதுத் தொடர் அமைத்துக்கொள்ளும்.

இவ்வளவிலும் தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்குவதற்கு இடமில்லை. ஒரு மொழியில் தெளிந்த கருத்து மற்றொரு மொழிக்கும் துணையாகிறது என்று கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் விளக்கி வந்துள்ளார். 'நேற்று', 'கடன்', 'பாதி' என்பனவற்றின் பொருள் தமிழில் தெளிவாக இருந்தால், சிங்களத்தில் பெயரை மட்டும் கற்றால் போதும். தமிழே தெளியாத பிள்ளைக்கு அங்குப் பெயரும் பொருளும் ஒருங்கே சுமையாகும். ஆகவே இரண்டாம் மொழிக்காகத் தாய்மொழிப் பாடத்தைக் குறைப்பவர், அத்திவாரக் கல்லைப் பெயர்த்து மேற்சுவர் கட்டுபவரை ஒப்பர்.

வீட்டில் சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்தவர் எவருமில்லையே என்று பெற்றோர் வருந்துவதுண்டு. பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துத் திரும்பும் தாயால் பாடம் சொல்லித்தர இயலாமற் போகலாம். பாடம் கேட்க இயலும். "இன்று படித்த மூன்று சொற்களை எனக்குச் சொல்லு" என்று அடுப்படியில் இருந்தவாறே கேட்டால் போதும். தாய்க்கு ஆசிரியராகும் பிள்ளை அச்சொற்களை மறப்பதில்லை. அயற்கிராமத்துப் பாடசாலைகளில் தமிழ் கற்கும் சிங்களப் பிள்ளைகளோடு விளையாட வாய்ப்பளித்தால், இரு திறத்தாரும் ஒருவருக்கொருவர் நூலாவர்.

ஒரு மருத்துவமனையின் வரிசையில் முதிய தோட்டத் தொழிலாளி ஒருத்தி நிற்கிறாள். நோயைத் தமிழில் எடுத்துரைப்பதும், தமிழில் விடை பெறுவதும் அவளுக்குச் சட்டம் வழங்கிய உரிமை. பேரப்பிள்ளை சிங்களம் கற்றதனால் அவ்வுரிமை குறைந்துவிடாது. குறைய விடுதலும் ஆகாது. ஆனால் சட்டம் உள்ள இடத்திலெல்லாம் தமிழ் அறிந்தவர் இருப்பதில்லை. அவ்வேளையில், கையைப் பற்றி நிற்கும் எட்டு வயதுப் பேர்த்தி நிமிர்ந்து, "கக்குல ரிதெனவா", பாட்டிக்குக் கால் வலிக்கிறது, என்று சொல்லுவாளாயின், அவள் கற்ற இரு சொற்கள் ஏட்டை விட்டு வாழ்வுக்குள் புகுந்துவிட்டன. பட்டியலில் எத்தனை சொற்களை எழுதினாள் என்பதை விட, தேவை வந்தபோது எத்தனை சொற்கள் நாவிற்கு வந்தன என்பதே கற்பித்தவருக்கும் கற்றவளுக்கும் உரைகல்லாகும்.